கண்ட படங்களும் கேட்ட பேச்சும்

படம் பார்ப்பது முன்போல் ஒரு யாத்திரையாக இல்லை. சாப்பாட்டு மூட்டை கட்டிக்கொண்டு ஊர்க்கோடிக் கொட்டகைக்குப் போய், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து, முன்னால் இருப்பவரின் தலைப்பாகைக்குத் தப்பித் திரையைக் கண்ட காலத்தை நம் தந்தையார் இன்னமும் சொல்லுவார். அக்காலத்தில் கதைப்படம் தொடங்குமுன் சர்க்காரின் செய்திப்படம் ஒன்று கட்டாயமாக ஓடும். 1948ஆம் ஆண்டில் மத்திய அரசு ஏற்படுத்திய பிலிம்ஸ் டிவிஷன் தயாரித்து அனுப்பிய சுருள்கள் அவை. அணைக்கட்டும் உழவும் தொழிற்சாலையும் திரையில் ஓடும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஜனங்கள் வெளியே போய்ப் பீடி பற்றவைப்பது வழக்கமாம். இன்று நிலைமை தலைகீழாயிற்று. இரவுச் சாப்பாடு முடிந்து, கஞ்சிக்கோட்டு ரயில்வே குடியிருப்பின் முன்னறையில் தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்தால் உலகத்துப் படமெல்லாம் வாசலில் வந்து நிற்கின்றன. எழுந்து போகவைத்த அந்தச் செய்திப்படமே ஆவணப்படம் என்னும் புதுப்பெயர் பூண்டு பரிசுகள் வாங்கி வருகிறது. அதைப் பார்க்க மாதச் சந்தாவும் கட்டுகிறோம்.

நாம் கற்றது எஸ்.எஸ்.எல்.சி. மட்டும், பார்ப்பது சரக்குக் கணக்கு. ஆதலால் ஒளிப்பதிவின் நுட்பம், படத்தொகுப்பின் நேர்த்தி என்றெல்லாம் பேச நமக்குத் தகுதியில்லை. ஆனால் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் கால் வைத்து வாழ்கிற குடும்பங்களுக்குச் சில படங்கள் வேறுவிதமாகத் தைக்கின்றன. அந்த வகையில் அண்மையில் நம் வீட்டில் ஓடிய சில படங்களைப் பற்றியும், அவை ஓடியபின் நடந்த பேச்சைப் பற்றியும் எழுதலாம் என்று துணிந்தோம்.

‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்னும் படத்தைக் காணாதார் நம் அன்பர்களுள் மிகச் சிலரே இருப்பர். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்தது. கொடைக்கானலில் குணா குகை என்று பெயர் பெற்றுவிட்ட பாறைப் பிளவில் விழுந்த நண்பனைக் கயிறு கட்டி இறங்கி மீட்ட கொச்சிப் பக்கத்து இளைஞர்களின் கதை. 2006இல் நிகழ்ந்த மெய்ச் சம்பவம். மலையாளப் படமாகவே வந்து தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் பல வாரங்கள் ஓடிற்று. 1991இல் வந்த ‘குணா’வின் பாட்டு ஒன்று இப்படத்தில் ஒலிக்கும்போது கோயம்புத்தூரில் கொட்டகையே எழுந்து கூவியதை நாமே கண்டோம். படம் நன்று. கயிறு இழுக்கும் கட்டத்தில் நம் கைகளும் வலித்தன. ஆயினும் இடைவேளையில் நம்மோடு வந்திருந்த அடுத்த வீட்டுக்காரர், பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்க்கும் ஒற்றப்பாலத்து மனிதர், மெதுவாகக் கேட்டார்: “எந்தா மாஷே, உங்கள் போலீஸ் இப்படித்தானோ?” காவல் நிலையத்தில் அப்பையன்கள் அடி வாங்கும் காட்சியைத்தான் சொன்னார். எந்த ஊர்ப் போலீஸும் இப்படித்தான் என்று பதில் சொல்லிவிட்டுத் தேநீர் வாங்கப் போனோம்.

அவர் கேட்டதில் தவறில்லை. இரண்டு நாட்டுச் சினிமாவும் ஒன்றையொன்று எவ்வாறு காட்டி வந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, கசப்பும் வருகிறது. மலையாளப் படங்களில் தமிழன் என்றால் நெடுங்காலம் ‘அண்ணாச்சி’. கந்துவட்டிக்காரன், அல்லது மண் வெட்டுகிற கூலி, அல்லது அரிவாள் தூக்கிய அடியாள். தமிழ்ப் படங்களில் மலையாளி என்றால் தேநீர்க் கடை வைத்திருக்கும் ‘சேட்டன்’. அந்தச் சேட்டன் பேசும் மலையாளம் பாலக்காட்டிலும் பேசுவதில்லை, வேறெங்கும் பேசுவதில்லை. வாளையாற்றைத் தாண்டினால் இரு பக்கத்துப் பிள்ளைகளும் இந்த வேடிக்கை மனிதர்களைத்தான் முதலில் அறிகிறார்கள். நம்மை அறிவது அதற்கப்புறம். நம் மகள் மலையாளப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். சென்ற ஆண்டு பள்ளி நாடகத்தில் அவளுக்குக் கொடுத்த வேஷம் என்னவென்றால், பூ விற்கும் தமிழ்ப் பாட்டி! நன்றாகவே நடித்தாள் என்பதையும் சொல்லவேண்டும்.

இந்தப் பின்னணியில்தான் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ நம்மைப் பிடித்து உலுக்கியது. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி, மம்முட்டி நடித்து, 2022 டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவிலும் 2023 ஜனவரியில் கொட்டகைகளிலும் வந்த படம். கேரள அரசின் அவ்வாண்டுக்குரிய சிறந்த படம், சிறந்த நடிகர் என்னும் இரு விருதுகளும் இதற்கே கிடைத்தன. ஒளிப்பதிவு செய்தவர் தேனி ஈஸ்வர். பெயரிலேயே நமது சீமை. கதை இதுதான்: நாடகக் குழுவினர் சிலர் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்புகிறார்கள். ஜேம்ஸ் என்பவர் அவர்களுக்குத் தலைவர். தமிழ்நாட்டுச் சாப்பாட்டையும் பாட்டையும் குறை சொல்லிக்கொண்டே வருபவர். எல்லோரும் உறங்கும் மதிய வேளையில், வயற்காட்டு நடுவே திடீரென்று வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குகிறார். சோளக்காட்டுக்குள் நடந்து ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் போகிறார். ஒரு வீட்டில் நுழைகிறார். கொடியில் கிடக்கும் கைலியை எடுத்துக் கட்டிக்கொள்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காணாமற்போன அவ்வீட்டுச் சுந்தரமாகவே பேசவும் நடக்கவும் தொடங்கிவிடுகிறார். அதுவும் நல்ல தமிழில்.

காரணம் யாதென்று படம் சொல்லவில்லை. ஆவி புகுந்ததா, கனவா, நாடகக்காரரின் நடிப்பா என்று நம் வீட்டில் இரண்டு நாள் வாதம் நடந்தது. படத்தின் தொடக்கத்தில் தங்கும் விடுதியில் உறக்கத்தையும் சாவையும் பற்றிய குறள் ஒன்று வருகிறதே, அதிலே விடை இருக்கிறது என்பது தந்தையார் கட்சி. நமக்கு அந்த விடை அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. நம்மைத் தொட்டவை வேறு. சுந்தரத்தின் கண் தெரியாத தாய், நாள் முழுதும் ஓடும் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். வந்தவனின் முகம் அவளுக்குத் தெரியாது. ஆகவே ஊரில் எவருக்கும் எழுகிற ஐயம் அவளுக்கு எழவில்லை. மகன் வந்தான், அவ்வளவே. படம் முழுவதும் பழைய தமிழ்ப் படங்களின் வசனமும் பாட்டும் எங்கோ ஒரு வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கின்றன. வேறு பின்னணி இசை தேவைப்படவில்லை. ஒரு தமிழ்க் கிராமத்தின் மதியம் எப்படி ஒலிக்கும் என்பதை மலையாள இயக்குநர் ஒருவர் நமக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. காமிராவோ பெரும்பாலும் அசைவதே இல்லை. திண்ணையில் சாய்ந்து தெருவைப் பார்ப்பவர் போல ஓரிடத்தில் இருந்து பார்க்கிறது.

நம் இல்லாளுக்கு இந்தப் படத்தின் மேல் கோபம். “அவரு வந்தாரு, போனாரு. பூங்குழலி கதி என்ன?” என்று கேட்டாள். பூங்குழலி சுந்தரத்தின் மனைவி. ரம்யா பாண்டியன் நடித்திருக்கிறார். வந்தவன் தன் கணவனல்லன் என்று அவளுக்குத் தெரியும். ஆயினும் அவன் அசைவுகளில் கணவன் தெரிகிறான். அவளால் ‘போ’ என்றும் சொல்ல இயலவில்லை. ‘இரு’ என்றும் சொல்ல இயலவில்லை. தெருவிலே ஜேம்ஸின் சொந்த மனைவி காத்துக்கிடக்கிறாள். இரண்டு பெண்களுக்கும் வசனம் மிகக் குறைவு. இல்லாளின் கேள்விக்கு நம்மிடம் பதிலில்லை. இயக்குநரிடமும் இருந்திராது என்றே எண்ணுகிறோம்.

தன் ஊரிலேயே தன்னை யாரும் ஒப்புக்கொள்ளவில்லையே என்று சுந்தரமாகிய ஜேம்ஸ் ஊர் நடுவில் நின்று கதறும் கட்டம் ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொண்டிருந்த நம் மகள், “நான் அத்தை ஊருக்குப் போனா ‘மலையாளத்தா’ன்னு சொல்றாங்க, இங்க ‘பாண்டிக்காரி’ன்னு சொல்றாங்க. நான் எப்பதான் தூங்கி எழுந்திரிக்கிறது?” என்றாள். எல்லோரும் சிரித்தோம். பாயிண்ட்ஸ்மேனின் மனைவி மட்டும் சிரிக்காமல் அவளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

‘மெய்யழகன்’ வேறு மாதிரிப் படம். 2024 செப்டம்பரில் வந்தது; பிரேம்குமார் இயக்கம். சொத்துத் தகராற்றினால் 1996இல் தஞ்சாவூரை விட்டுச் சென்னைக்குப் போன குடும்பத்தின் மகன், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். அங்கே ஓர் உறவுக்காரன் அவனை விடாமல் பிடித்துக்கொண்டு உபசரிக்கிறான். ஆனால் அவன் பெயர் என்னவென்று இவனுக்கு நினைவில்லை! கேட்கவும் கூச்சம். நம்மவர்களுக்கு இதைக் காட்டிலும் பழக்கமான சங்கடம் உண்டோ? ஊர்த் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் நாம் படும் பாடல்லவா இது. அரவிந்த்சாமியும் கார்த்தியும் இரவெல்லாம் பேசுகிறார்கள். பேச்சு அதிகம் என்று பலர் குறைகூறி, வெளியான சில நாளில் படத்திலிருந்து ஏறக்குறைய 18 நிமிடம் வெட்டினார்கள். வெட்டியிருக்க வேண்டா. உறவினர் பேச்சை 18 நிமிடம் குறைக்க எவராலும் முடியாது என்பது தஞ்சாவூரிலும் உண்மை, தேனியிலும் உண்மை. விட்டுப்போன ஒரு பழைய சைக்கிள் ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தியது என்று அவன் சொல்லக் கேட்கிற இடம் நம் நெஞ்சில் நின்றது.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’ 2025 மே முதல் நாள் வந்தது. இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் தோணியேறி இராமேசுவரம் வந்து சென்னைக் காலனியொன்றில் குடியேறும் குடும்பம். சசிகுமாரும் சிம்ரனும் நடித்தது. கொஞ்சம் சர்க்கரை கூடுதல்; அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் இவ்வளவு விரைவில் நல்லவர்களாக மாறுவது வாடகை வீட்டில் இருந்தவர் எவரும் நம்பத்தக்கதன்று. ஆயினும், வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும், ஆகவே வெளியில் பேசாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது வேடிக்கைக்காக எழுதியதன்று.

‘தி ரயில்வே மென்’ என்பது திரைப்படமன்று. நான்கு பகுதிகளாக 2023 நவம்பரில் வந்த தொடர். ரயில்வேக்காரர் வீட்டில் அதைப் பார்க்காமல் இருக்க முடியுமா? 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபாலில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் என்னும் நச்சுவாயு கசிந்தது. உடனே மாண்டவர் 2,259 பேர் என்பது அரசின் முதற் கணக்கு. பின்னர் ஏறிய எண்ணிக்கை வேறு. அவ்விரவில் போபால் நிலையத்தில் என்ன நடந்தது என்பதே கதை. நாடகத்துக்காகக் கள்வனையும் கலகத்தையும் சேர்த்திருக்கிறார்கள், பெயர்களை மாற்றியிருக்கிறார்கள். மெய்யாக அன்றிரவு பணியில் இருந்தவர் துணை நிலையக் கண்காணிப்பாளர் குலாம் தஸ்தகீர். கோரக்பூர் எக்ஸ்பிரஸ் பிளாட்பாரத்தில் நின்றது. புறப்படும் நேரம் இன்னும் ஆகவில்லை. அவர் அதை உடனே புறப்படச் செய்தார். போபாலுக்கு வரவிருந்த வண்டிகளை அண்டை நிலையங்களில் நிறுத்தச் செய்தி அனுப்பினார். அவர் மட்டும் போகவில்லை. அந்த நச்சில் மகன் ஒருவரையும் இழந்தார். தாமும் நோயாளியாகிப் பின்னாளில் இறந்தார்.

ரயில்வேயில் இல்லாதவர்களுக்கு இதன் கனம் தெரியாமற் போகலாம். வண்டி தாமதமாகப் புறப்பட்டால் ஆயிரம் காரணம் எழுதலாம். எவரும் பெரிதாகக் கேட்கமாட்டார்கள். அட்டவணை நேரத்துக்கு முன்னால் பயணி வண்டியைப் புறப்பட விடுவது பெருங்குற்றம். ஒரு கையெழுத்தில் வேலை போகும். அந்தக் கையெழுத்தைப் போட அவர் எவரிடமும் உத்தரவு கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தொடரை எடுத்தவர்கள் சண்டையையும் ஓட்டத்தையும் காட்டச் செலவிட்ட நேரத்தில் பாதியை இந்த ஒரு கையெழுத்துக்குக் கொடுத்திருக்கலாம் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம். ஸ்டேஷன் மாஸ்டராக வரும் கே.கே. மேனனின் நடிப்பு மெச்சத்தக்கது. கோட்டுப் பொத்தானைப் போடும் விதத்திலேயே நிலைய அதிகாரி தெரிகிறார். பார்த்து முடித்தபோது இரவு மணி பன்னிரண்டு. வெளியே வந்து நின்றோம். நமது கஞ்சிக்கோடும் ஆலைகள் சூழ்ந்த ஊரல்லவா! தண்டவாளத்துக்கு அப்பால் இரும்பு உருக்கும் ஆலைகளின் வெளிச்சம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஷிப்டு முடிந்து நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். நம் பாட்டனார் காலத்தில் நாம் இருந்த இடத்தில் இப்பொழுது அவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சங்கமும் மாத இதழும் உண்டா என்று தெரிந்துகொள்ள ஆவல்.

இனி யானை. ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ என்னும் ஆவணப்படம் நீலகிரி முதுமலையின் தெப்பக்காடு முகாமில் எடுத்தது. கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கியது. 2022இல் வந்து, 2023 மார்ச்சில் ஆஸ்கர் பரிசு பெற்றது. குறும் ஆவணப்படத்துக்கான அப்பரிசை இந்தியத் தயாரிப்பு ஒன்று பெற்றது அதுவே முதன்முறை. காட்டுநாயக்கர் சமூகத்தைச் சேர்ந்த பொம்மனும் பெள்ளியும், மின்சாரம் பாய்ந்து தாயை இழந்த ரகு என்னும் குட்டியை வளர்க்கிறார்கள். பின்னர் அம்மு என்னும் இன்னொரு குட்டியும் வருகிறது. வளர்ந்தபின் ரகுவை அவர்களிடமிருந்து பிரித்து வேறு பாகரிடம் ஒப்படைக்கிறார்கள். நாற்பது நிமிட அளவே ஓடும் படம். அழகு அழகு என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள்; நாமும் அதையே சொல்லுகிறோம். பெள்ளியின் முதற் கணவரைப் புலி கொன்றது. அந்த அச்சத்தோடேயே அவர் காட்டில் நடக்கிறார். அதைச் சொல்லும்போது முகத்தை இயக்குநர் அருகில் போய்ப் படமெடுக்காமல் இருந்தது பண்பு.

ஆனால் கஞ்சிக்கோட்டுக்காரருக்கு யானை என்றால் அந்த ஒன்று மட்டும் அன்று. வாளையாற்றுக் காட்டின் வழியே செல்லும் நமது பாதையில் ‘ஏ’ லைன், ‘பி’ லைன் என்று இரண்டு உண்டு. ‘பி’ லைன் காட்டுக்குள் கூடுதலாக உள்வாங்கிச் செல்வது. யானைகள் தண்ணீருக்கும் தீனிக்கும் கடக்கிற தடம் அது. 2021 நவம்பர் 26ஆம் நாள் இரவு நவக்கரை அருகே மங்களூர்–சென்னை விரைவு வண்டி மோதி மூன்று யானைகள் மாண்டன. அதன் முன்னும் பின்னும் நேர்ந்தவை பல. அப்படி ஓர் இரவில் வண்டி ஓட்டி வந்த லோகோ பைலட் ஒருவர் நம் அறையில் வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கொடுத்தோம். குடிக்காமல் வெகுநேரம் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிரேக் போட்டும் அத்தனை கனமுள்ள வண்டி நிற்கச் சில நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும்; அத்தனை தூரமும் விளக்கு வெளிச்சத்தில் குட்டி முன்னால் ஓடிற்று என்று மட்டும் சொன்னார். பின்பு அதைப் பற்றிப் பேசவில்லை.

அவரையும், இருட்டில் டார்ச் விளக்கோடு தண்டவாளத்தோரம் நடந்து யானையை விலக்கிவிடும் வனத்துறைக் காவலர்களையும் எவரேனும் படமெடுத்தால் நன்று. மதுக்கரைப் பக்கம் தமிழ்நாட்டு வனத்துறை 2024இல் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களைக் கோபுரங்களில் பொருத்தியிருக்கிறது. யானை பாதையை நெருங்கினால் கேமரா கண்டுபிடித்துக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும், அங்கிருந்து ரயில்வேக்குச் செய்தி போகும், வண்டி மெதுவாகும். ‘பி’ லைனுக்கு அடியில் யானைகள் கடக்கச் சுரங்கவழிகளும் அமைத்திருக்கிறார்கள். அவ்வழியே யானைகள் குட்டிகளோடு நிதானமாகக் கடந்துபோகும் காட்சித் துணுக்குகள் கைப்பேசியில் வந்தன. அரை நிமிட அளவே ஓடும் அத்துணுக்கைத் தந்தையார் ஐந்து முறை போடச் சொல்லிப் பார்த்தார். இசை இல்லை, பேச்சு இல்லை, ஆஸ்கரும் இல்லை.

கடைசியாக ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. இது 2018 ஆகஸ்டில் வந்த படம், பழையதுதான். ஆனால் நாம் பார்த்தது சென்ற மாதம். லெனின் பாரதி இயக்கி, விஜய் சேதுபதி தயாரித்து, இளையராஜா இசையமைத்தது. ஒளிப்பதிவு இதற்கும் தேனி ஈஸ்வரே. தேனி மாவட்டத்து அடிவாரத்துக்கும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கும் இடையில் தலைச்சுமையாக மூட்டை தூக்கி ஏறி இறங்கும் ரங்கசாமியின் கதை. ஒரு துண்டு நிலம் வாங்கவேண்டும் என்பது அவன் ஆசை. சிறுகச் சிறுகச் சேர்க்கிறான். ஏலக்காய் மூட்டை ஒன்று மலைச் சரிவில் உருண்டு போகிறது. அதனோடு ஆசையும் உருண்டு போகிறது. பின்னர் நிலம் கிட்டியும் நிலைக்கவில்லை. தொழிற்சங்கச் சண்டையில் சிறைக்குப் போய்த் திரும்புகிறான். முடிவில், தன்னுடையதாக இருந்த அதே மண்ணில் சுழலும் காற்றாலைக்குக் காவற்காரனாக உட்கார்ந்திருக்கிறான்.

நம் தந்தையார் இளமையில் தேவாரத்துக்கு மேலே சாக்கலூத்து மெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்கு அரிசியும் பருப்பும் சுமந்தவர்; இறங்கும்போது ஏலக்காய். பின்பு இடுக்கியிலேயே தோட்ட வேலையில் அமர்ந்து, லயத்தில் குடியிருந்து, நம்மைப் படிக்கவைத்தார். இவையெல்லாம் நமக்குத் தெரிந்தவை. ஆனால் இப்படிப்பட்ட வேலையென்று அவர் சொன்னதில்லை. படம் ஓடத் தொடங்கியதும் நாற்காலியைப் பெட்டிக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். இடையிடையே திருத்தம் சொன்னார். கல் பாவிய இடத்தில் இப்படிக் கால் வைக்கக் கூடாது என்றார். மழைக்காலத்தில் அட்டை இன்னும் அதிகம் என்றார். மூச்சு வாங்கியும் பிறர் உதவியை ஏற்காமல் மூட்டையோடு ஏறும் கிழவர் ஒருவர் படத்தில் வருகிறார். அவரைக் கண்டதும், “இந்த மாதிரி எங்க கூட ஒருத்தர் இருந்தாரு” என்று சொல்லிப் பெயரையும் சொன்னார். மூட்டை உருளும் காட்சியில் நம் இல்லாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தந்தையார் அழவில்லை. “மூட்டை போனா முதல்ல அழ வராதும்மா. எத்தனை நாள் கூலின்னு விரல் விட்டு எண்ணத்தான் வரும்” என்றார். அவருடைய மூட்டை எப்பொழுது உருண்டது என்று நாம் கேட்கவில்லை. அவரே சொன்னார், நமக்கு மூன்று வயதாம்.

இங்கே அன்பர்களுக்கு ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. தந்தையார் தம் ஆயுள் உழைப்பில் தேவாரத்தை அடுத்து மலையடிவாரத்தில் எழுபது சென்ட் மானாவாரி நிலம் வாங்கி வைத்திருக்கிறார். அதில் இப்போது விளைவது ஒன்றுமில்லை, வேலிக்காத்தான்தான் வளர்கிறது. அதை விற்றுக் கஞ்சிக்கோட்டிலே ஐந்து சென்ட் மனை வாங்குவதாக ஏற்பாடு. ரயில்வே குடியிருப்பு நமக்குச் சாசனமன்று. மாற்றலோ ஓய்வோ வந்தால் பெட்டியைக் கட்டவேண்டும். மகளின் படிப்பு இங்கே, நம் வேலை இங்கே. இல்லாளுக்குச் சொந்த வீடு என்பது பன்னிரண்டு ஆண்டு ஆசை. வாங்குபவர் தை மாதம் முன்பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தந்தையார் ஆறு மாதத்துக்கு முன் முழு மனத்தோடு சம்மதித்தார். நாம் எவரும் அவரை வற்புறுத்தவில்லை.

படம் முடிந்தபின் அவர் ஒன்றும் பேசவில்லை. ரங்கசாமி காவற்கார உடையில் உட்கார்ந்திருக்க, காமிரா மேலே மேலே போய் வரிசை வரிசையாய்க் காற்றாலைகள் தெரிகிற அந்தக் கடைசிக் காட்சியில் நம் வீட்டில் எவரும் விளக்கைப் போட எழவில்லை. இப்படத்தில் வேஷம் கட்டியவர்களாக எவரும் தெரிவதில்லை. அடிவாரத்துச் சனங்கள் தங்கள் முகத்தோடும் தங்கள் பேச்சோடும் வந்து போகிறார்கள். அதனாலேயே கதை என்று ஒதுக்கிவிட இயலவில்லை. குறை சொல்ல வேண்டுமானால், பிற்பாதியில் கட்சிப் பேச்சுச் சற்று வேகமாக ஓடிவிடுகிறது. தோழர் சாக்கோ போன்ற மனிதரோடு இன்னும் சிறிது நேரம் இருந்திருக்கலாம். மூட்டை தூக்குவதற்கு அத்தனை பொறுமையாக நேரம் கொடுத்தவர்கள் இதற்கும் கொடுத்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தோம்.

மறுநாட் காலை நாம் பணிக்குக் கிளம்புகையில் தந்தையார், “ஏப்பா, அந்தப் பத்திரத்த எங்க வச்சிருக்க?” என்று கேட்டார். இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். கண்ணாடி போட்டுக்கொண்டு நான்கெல்லையையும் வாய்விட்டு வாசித்தார். வடக்கே ஓடை, கிழக்கே பாதை. வாசித்துவிட்டு மடித்துத் தம் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். விற்க வேண்டா என்று அவர் சொல்லவில்லை. விற்கலாம் என்றும் சொல்லவில்லை. இல்லாள் அன்று முழுதும் அடுப்படியில் பாத்திரங்களைச் சற்றுப் பலமாகவே வைத்தாள். அவளைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. இரண்டு நாள் கழித்து அவளே அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு, “மாமா, ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க” என்றாள்.

அடுத்த சனிக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறோம். விடியற்காலை பாலக்காட்டில் அமிர்தா எக்ஸ்பிரஸ் ஏறினால் பழனி, திண்டுக்கல் வழியாக மதுரை. 1928இல் ஏலக்காய்ச் சீமைக்கென்றே வந்ததுபோல் அமைந்த மதுரை–போடி ரயில் பாதை, அகலப் பாதையாக்குவதற்காகப் பத்தாண்டுக்கு மேல் மூடிக்கிடந்து, 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரை மறுபடி திறந்தது. நேரம் ஒத்துவந்தால் அதில் போவோம். இல்லையேல் மதுரையிலிருந்து பஸ். தந்தையாருக்கு அந்த அகலப் பாதையைப் பார்க்க வேண்டுமாம். மகளும் வருகிறேன் என்கிறாள். காற்றாலை அந்த நிலத்திலிருந்து தெரியுமா என்று கேட்டாள். தெற்கே பார்த்தால் தெரியும் என்றார் அவள் தாத்தா.